புதன்கிழமை மட்டும் போகும் சிக்னல்

"என் புருஷன்தான் இன்டர்நெட்டைப் பிடுங்கி விடறாரா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

இதைச் சொன்னபோது எல்வீரா நோஸ்கே எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. சமையலறை மேசையில் ஸ்கோனுக்கு ஜாம் தடவிக்கொண்டிருந்தார். ஒரே ஸ்கோனுக்கு மூன்றாவது தடவையாக.

"இதுக்கு எதுக்கு டிடெக்டிவ்? கதவிடுக்குல எட்டிப் பார்த்தாலே போதுமே," என்றேன்.

"எட்டிப் பார்க்கப் பயமா இருக்கு," என்றார் எல்வீரா.

மேசைக்கு அடியில் தெல்மாவின் பூட்ஸ் என் காலை மிதித்தது. வாயை மூடு என்று அதற்கு அர்த்தம். இரண்டு வருஷப் பழக்கத்தில் அந்த பூட்ஸின் மொழி எனக்கு அத்துப்படி.

தெல்மா பாஸ்கோ இருபத்தாறு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, மெல்பர்னுக்கு மேற்கே ஹார்ஷம் ஊரில் ஒரு பேக்கரி மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவர். நான் ஜாரட் மூனி. டெலிபோன் கம்பெனி ஒன்றில் பத்து வருஷம் கம்பி இழுத்தவன். அவர்கள் என்னை வேண்டாம் என்று சொன்ன வாரத்தில் தெல்மா வேண்டும் என்று சொன்னார். சம்பளம் குறைவு. பேக்கரி வாசனை இலவசம்.

"ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க எல்வீரா," என்றார் தெல்மா.

சொன்னார். போன வருஷம் மழை பொய்த்தது. அதே வருஷம் கணவர் மெர்வினின் தம்பி இறந்தார். அதற்குப் பிறகு மெர்வின் பேசுவதை நிறுத்திவிட்டார். ட்ரக்கை எடுத்துக்கொண்டு போய்க் குட்டைப் பக்கம் நிறுத்தி, உள்ளேயே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாராம். துப்பாக்கி அலமாரிச் சாவியை எல்வீரா மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். மே மாதத்திலிருந்து புதன்கிழமை தோறும் இரண்டு மணிக்கு மெல்பர்னில் இருக்கும் மனநல டாக்டர் ஒருவரோடு வீடியோவில் பேச்சு. கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்காருவார்கள்.

"முதல் அரை மணி நேரம் மழை, ஆடு, ஃபுட்டி மேட்ச்சுன்னு சுத்தி வளைப்பார். அப்புறம் மெதுவா வாயைத் திறப்பார். திறந்த நேரம் பார்த்துத் திரை உறைஞ்சிடும். டாக்டர் வாயைத் திறந்தபடியே பொம்மை மாதிரி நிப்பார். முக்கால் மணி கழிச்சுத்தான் திரும்ப வரும். அதுக்குள்ள இவர் எழுந்து குட்டைப் பக்கம் போயிடுவார். இப்படி நாலு தடவை. எப்பவும் புதன்கிழமைதான். மத்த நாளெல்லாம் ஒரு குறையும் இல்ல."

"கம்பெனிக்காரங்க வரலையா?" என்றேன்.

"மூணு தடவை வந்தாங்க. ஒரு செவ்வாய், ரெண்டு வெள்ளி. எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க."

"எங்க ஆளுங்க புதன்கிழமை மட்டும் வரமாட்டாங்க. பிரச்சினை இருக்கிற நாள்ல போனா கண்டுபிடிக்க வேண்டியதாயிடும்."

தெல்மா சிரிக்கவில்லை. "உங்களுக்கு அவர் மேல சந்தேகம் எப்படி வந்துச்சு?"

எல்வீரா கத்தியைக் கீழே வைத்தார். "எப்படிப் பண்றார்னு தெரியல. ஆனா போன தடவை திரை உறைஞ்சப்போ அவர் முகத்தைப் பார்த்தேன். நிம்மதியா இருந்துச்சு. தப்பிச்சோம்ங்கிற மாதிரி. அன்னைக்கிலிருந்து எனக்குத் தூக்கம் இல்ல. இவருக்குக் குணமாகவே விருப்பமில்லையோன்னு..."

வெளியே ஆடுகள் கத்துவது கேட்டது. மெர்வின் பட்டியில் ஆடுகளுக்குப் புழு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றும் புதன்கிழமைதான். மணி பத்தரை.

"ஜாரட், பெட்டியைப் பாரு," என்றார் தெல்மா.

முன்னறையில் ஜன்னல் ஓரம் ஒரு சின்ன அலமாரி. அதன் மேல் கம்பெனி கொடுத்த வெள்ளைப் பெட்டி. நாலு விளக்கும் பச்சை. சுவர் வழியாக ஒரு கம்பி கூரைக்கு ஏறுகிறது. கூரையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு ஆன்டெனா. அது ஒன்பது கிலோமீட்டர் தள்ளி மேட்டில் நிற்கும் டவரைப் பார்த்தபடி இருக்கும். இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் எல்லாம் இப்படித்தான்.

வீட்டில் இன்டர்நெட் போனால் முதலில் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. போனது வீட்டுக்கு உள்ளேயா, வெளியேயா? என் லேப்டாப்பை நேராகப் பெட்டியில் செருகினேன். பெட்டி தன் டைரியைத் திறந்து காட்டியது. ஆமாம், அந்தப் பெட்டிகளுக்கும் டைரி எழுதும் வழக்கம் உண்டு. எப்போது விழித்தது, எப்போது தூங்கியது, எப்போது சிக்னல் போனது, எல்லாம் நிமிஷ சுத்தமாக.

படித்தேன். திரும்பவும் படித்தேன். பிறகு சமையலறைக்கு ஓடினேன்.

"எல்வீரா, இந்தப் பெட்டி பொருத்தின நாள்லேருந்து நாலே தடவைதான் அணைஞ்சிருக்கு. ஒண்ணு ஜூன் ஒன்பதாம் தேதி."

"அன்னைக்குப் புயல். கரண்ட் போச்சு."

"மத்த மூணும் கம்பெனி ஆளுங்க வந்த நாள். அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வைத்தியம் அணைச்சுப் போடறதுதான். புதன்கிழமை ஒரு தடவைகூட அணையல. ப்ளக்கைப் பிடுங்கியிருந்தா பெட்டி செத்துப் பிழைச்சிருக்கும். டைரியில பதிஞ்சிருக்கும். கூரைக் கம்பியைக் கழட்டியிருந்தாலும் பதிஞ்சிருக்கும். நாலு புதன்கிழமையும் பெட்டி முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. ஆன்டெனாவும் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. டவர்லேருந்து வர்ற சிக்னல் மட்டும் ரெண்டு நிமிஷத்துல தேய்ஞ்சு போயிருக்கு, நாற்பது நிமிஷம் கழிச்சுத் திரும்ப வந்திருக்கு."

எல்வீரா என்னையே பார்த்தார். "அப்படின்னா?"

"உங்க வீட்டுக்காரர் இதைத் தொடவே இல்லைன்னு அர்த்தம்," என்றார் தெல்மா.

எல்வீரா ஏப்ரனை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவர் அழுது முடிக்கும்வரை நான் ஸ்கோன் சாப்பிட்டேன். மூன்று மடங்கு ஜாம்.

கூரையைப் பார்க்க ஏணி தேடிப் போனபோதுதான் மெர்வினைச் சந்தித்தேன். நெடுநெடுவென்று, தோள் கொஞ்சம் முன்னால் விழுந்த மனிதர். பட்டியிலிருந்து வந்திருந்தார். சட்டையெல்லாம் மருந்துக் கறை. நான் இன்டர்நெட் சரிபார்க்க வந்தவன் என்று சொன்னதும் ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். நான் நாலு படி ஏறியிருப்பேன்.

"தம்பி. உண்மையைச் சொல்லு. என் பொண்டாட்டிதானே அதை அணைக்கிறா?"

நான் ஏணியிலிருந்து குனிந்து பார்த்தேன்.

"அவளைக் குத்தம் சொல்லல," என்றார் மெர்வின், தரையைப் பார்த்தபடி. "நான் சொல்ல வர்றதைக் கேட்கற தெம்பு அவளுக்கு இல்ல. யாருக்கு இருக்கும்? நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவ சோஃபா ஓரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கறா. அதான் எப்படியோ அணைச்சிடறா. ஒரு விதத்துல நல்லதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு ஜோக் வாயில் இருக்கும். அப்போது அதை ஒதுக்கி வைத்தேன். "அவங்க அணைக்கல சார்," என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

கூரையில் தகரம் சுட்டது. ஆன்டெனாவுக்குப் பின்னால் குப்புறப் படுத்து, அது பார்க்கும் திசையில் நானும் பார்த்தேன். மஞ்சள் பூத்த கனோலா வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை. தூரத்தில் மேடு, மேட்டில் ஊசி மாதிரி டவர். நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால், ஏறக்குறைய ஒன்றுமில்லை. வீடு பள்ளத்தில் இருக்கிறது. எழுபதடி தள்ளித் தரை உயர்கிறது. அந்த உயரத்தில் பழைய கம்பளிக் கொட்டகை, அதற்குப் பின்னால் ஆட்டுப் பட்டி, பட்டியின் ஓரத்தில் லாரியில் ஆடு ஏற்றும் மண்மேடை. என் பார்வை கொட்டகையின் ஓரம் வழியாக, அந்த மேடைக்கு மேலே ஓராள் உயரத்தில் சறுக்கிக்கொண்டு டவருக்குப் போனது.

இறங்கி வந்து தெல்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெர்வின் ஏணியடியில் சொன்னதையும் சேர்த்து.

"ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகப்பட்டுக்கிட்டு ஒரே சோஃபாவுல உட்கார்ந்திருக்காங்க," என்றார் தெல்மா. அவர் குரல் வழக்கத்தை விடத் தணிந்திருந்தது. "சரி. நடுவுல என்ன வந்து நிக்குது?"

"மரம்னா தினமும் நிக்கும். மழைன்னா ஊருக்கே போகும். நாற்பது நிமிஷம் வளர்ந்துட்டு மறுபடி குட்டையாகிற ஒண்ணு."

"ஒட்டகச்சிவிங்கி."

"பாஸ், ஜோக் என் டிபார்ட்மெண்ட்."

"ரெண்டு தட்டு ஆட்டு லாரி," என்றார் தெல்மா. "மேடையோரம் நின்னா மேல் தட்டு எவ்வளவு உயரம் வரும்?"

நான் கூரையைப் பார்த்தேன். மேடையைப் பார்த்தேன். மேல் தட்டு அந்தப் பார்வைக் கோட்டை முழுசாக மறைக்கும்.

நாங்கள் பட்டிக்கு நடந்தோம். காலையில் மருந்து கொடுத்த நானூறு ஆடுகள் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் கொட்டகை இந்த இடத்தை முழுசாக மறைக்கும். பட்டிக்குப் பின்னால் எல்லை வேலி. வேலியில் ஒரு கேட். கேட்டின் கீல் துருப்பிடித்திருந்தது, ஆனால் அதில் புதிதாகக் கிரீஸ் பூசியிருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் இரட்டைச் சக்கரத் தடம். பழசுதான். காய்ந்து கல்லாகியிருந்தது.

"மெர்வின் சமீபத்துல ஆடு வித்தாரா?" என்றேன்.

"விக்கல. தொலைச்சார்," என்றார் தெல்மா. "எல்வீரா நேத்து போன்ல சொன்னாங்க. ஜூலை கடைசியில கம்பளி வெட்டும்போது எண்ணினா நூத்திப்பத்துக்கு மேல குறைஞ்சுது. ஒன்பது வருஷமா வேலை பார்த்த டாமியன்ங்கிற ஆளைத் திருடன்னு சொல்லி அனுப்பிட்டார். ஃபுட்டி கிளப்ல, எல்லார் முன்னாலயும்."

மதியம் நால்வரும் சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். தெல்மா மெர்வினிடம் மழையளவு எழுதும் டைரியைக் கேட்டார். எங்கள் விம்மெரா வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பார்கள், மழை டைரியை மறக்கமாட்டார்கள். அன்றன்றைய வேலையும் அதிலேயே இருக்கும்.

"ஜூன் பதினொண்ணு," என்றேன் நான், பெட்டியின் டைரியைப் பார்த்து.

மெர்வின் பக்கம் புரட்டினார். "மழை இல்ல. பட்டியில ஆடு. புழு மருந்து."

"ஜூலை ரெண்டு."

"பட்டியில ஆடு. குளம்பு வெட்டினோம்."

"ஜூலை இருபத்திமூணு."

"பட்டியில ஆடு." அவர் விரல் நின்றது. "காலையில வேலையை முடிச்சிட்டு, அப்படியே பட்டியில விட்டுட்டு டாக்டரைப் பார்க்க உள்ள வந்துடுவேன். சாயங்காலம் திறந்து விடுவேன். எண்ண மாட்டேன். எதுக்கு எண்ணணும்?"

"ஆகஸ்ட் இருபது."

"பட்டியில ஆடு," என்றார் மெர்வின். பிறகு நிமிர்ந்தார். "ஆகஸ்ட் இருபதா? அப்போ டாமியன் போய் மூணு வாரம் ஆச்சே."

அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். முகம் மெல்லச் சாம்பலானது.

"இன்னொண்ணு," என்றேன். "மத்த மூணு நாளும் சிக்னல் ரெண்டரையை ஒட்டிப் போயிருக்கு. ஆகஸ்ட் இருபது மட்டும் நாலரைக்கு. ஏன்?"

"அன்னைக்கு டாக்டர் நேரத்தை நாலு மணிக்கு மாத்தினார்," என்றார் எல்வீரா. "அன்னைக்குக் காலையிலதான் சொன்னார்."

தெல்மா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். "நேரம் மாறினது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. இந்த டாக்டர் விஷயமே யாருக்கும் சொல்லல. நாங்க ரெண்டு பேர்தான்."

அப்போது சுவரில் மாட்டியிருந்த போன் அடித்தது. எல்வீரா எழுந்து எடுத்தார். அவர் முகம் மலர்ந்தது. அன்று அந்த வீட்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

"ரெக்ஸ்! ஆமா, ரெண்டு மணிக்குத்தான்... ம்... பரவாயில்ல, காலையில மருந்து கொடுத்தார்... ஆமா, பட்டியிலதான் நிக்குது... சரி ரெக்ஸ். ரொம்ப நன்றி. நீ இல்லன்னா நாங்க..."

வைத்தார். திரும்பினார். எங்கள் மூவரின் பார்வையும் அவர் மேல் இருந்தது.

"ரெக்ஸ் லிண்ட்னர். பக்கத்துப் பண்ணை," என்றார். "ஒவ்வொரு புதன்கிழமையும் கூப்பிட்டு விசாரிப்பான். கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா பேசுங்கன்னு சொல்லுவான். ரெக்ஸை யாருன்னு எப்படிச் சொல்றது? அவன் எங்க வீட்டு ஆள். இவரை முதல்முதலா ஊர் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதே அவன்தான்."

சொல்லச் சொல்ல அவர் குரல் சுருங்கிக்கொண்டே வந்தது.

மெர்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "வெளிய போங்க."

"மெர்வின்..." என்றார் எல்வீரா.

"என் தம்பியோட சவப்பெட்டியை முன்னாடி தூக்கினவன் அவன். டாக்டர் பேசறது காது கேட்கலைன்னு சொன்னப்போ சொந்தச் செலவுல ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்து மாட்டினவன். அவனைப் போய்த் திருடன்னு சொல்ல வந்துட்டாங்க, ஒரு பெட்டியையும் மழை டைரியையும் வச்சுக்கிட்டு!"

எனக்கு அந்த ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தது. முன்னறையில், கன்றுக்குட்டி உயரத்துக்கு. அது முழு சத்தத்தில் ஓடினால் வெளியே ரயில் போனாலும் கேட்காது. சொல்ல வாயெடுத்தேன். பூட்ஸ் மிதித்தது.

"நான் யாரையும் திருடன்னு சொல்லல," என்றார் தெல்மா அமைதியாக. "நீங்க ஏற்கெனவே ஒருத்தரைச் சொல்லிட்டீங்க, எதையும் வச்சுக்காமலே. இன்னொரு தடவை அந்தத் தப்பு நடக்கக்கூடாது. அதனால ரெண்டு மணிக்கு எப்பவும் போல உள்ள உட்காருங்க. விளக்கு பச்சையாவே இருந்தா நானே ரெக்ஸ் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்கறேன்."

மெர்வின் நாற்காலியை மறுபடி இழுத்துப் போட்டார். பிறகு உட்கார்ந்தார். எல்வீரா டாக்டருக்குப் போன் செய்து பேச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டார். தெல்மா ஸ்டேஷனுக்கு ஒரு போன் போட்டுவிட்டுக் கொட்டகைக்கு நடந்தார்.

டாக்டர் இல்லை, ஆனால் ஸ்பீக்கர் பேச வேண்டும். நான் போன வார ஃபுட்டி ஆட்டத்தை இன்டர்நெட்டில் ஓடவிட்டேன், முழு சத்தத்தில். நோஸ்கே தம்பதி சோஃபாவின் இரண்டு ஓரத்தில். நடுவில் மூன்றாவது ஆள் உட்காரும் அளவுக்கு இடம். யாரும் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலோரப் பெட்டியையே பார்த்தார்கள்.

இரண்டு மணி. பச்சை.

இரண்டேகால். பச்சை.

இரண்டு இருபத்தைந்து. மெர்வின் மூச்சை விட்டார். "பார்த்தியா?" என்றார் என்னிடம். அந்தக் குரலில் இருந்தது வெற்றி இல்லை, கெஞ்சல். அந்த விளக்கு மாறக்கூடாது என்று நானும் வேண்டிக்கொண்டேன் என்று சொன்னால் நம்புவீர்களா? என் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக, நான் சொன்ன காரணம் தப்பாகப் போகட்டும் என்று ஆசைப்பட்டேன்.

இரண்டு முப்பத்தொன்று. ஆட்டக்காரன் பந்தை உதைக்கக் காலைத் தூக்கினான். தூக்கியபடியே நின்றான். சத்தம் அறுந்தது.

விளக்கு சிவந்தது.

திடீர் நிசப்தத்தில் கொட்டகைப் பக்கமிருந்து தெளிவாகக் கேட்டது. டீசல் என்ஜின். தகரத் தட்டில் ஆட்டுக் குளம்புகள். மற்ற புதன்கிழமைகளில் உறைந்த திரையோடு மல்லுக்கட்டியவர்கள் இதைக் கவனித்திருக்கமாட்டார்கள்.

நான் ஓடினேன். மெர்வின் ஓடவில்லை. நடந்தார். நான் கொட்டகையைச் சுற்றிப் போனபோது தெல்மா மேடையின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். லாரியின் கீழ்த் தட்டில் முப்பது ஆடுகள் ஏறியிருந்தன. மேடைமேல், கையில் தடியோடு, சிவந்த முகமும் வெள்ளைப் புருவமுமாக ஒரு பெரியவர். நான் திருடனை எதிர்பார்த்து வந்தேன். பார்த்தது சர்ச்சில் உண்டியல் ஏந்தி வரும் மனிதர் மாதிரி ஒருவர்.

"நாளைக்கு மெர்வினுக்கு உதவியா இருக்கட்டும்னு ஏத்தி வைக்கிறேன்," என்றார் ரெக்ஸ் லிண்ட்னர் தெல்மாவிடம். "அவனுக்கு உடம்பு சரியில்ல, தெரியுமில்ல?"

"நாளைக்கு எங்க போகுது இந்த ஆடு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மெர்வின். அவருக்குப் பின்னால் எல்வீரா.

ரெக்ஸின் கையிலிருந்த தடி மெதுவாகத் தாழ்ந்தது. எல்லைக் கேட் பக்கம் போலீஸ் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"நண்பா," என்றார். "போன அக்டோபர் பனியில என் பயிர் மொத்தமும் கருகிப் போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. நீயும் கேட்கல. நீ கேட்கற நிலைமையில இல்ல, அது எனக்குத் தெரியும்."

மெர்வின் மேடைக்கு வந்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவர் மேடைக் கட்டையைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு ரெக்ஸ். என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனியே. இதுக்குத்தானா?"

"இல்ல!" ரெக்ஸின் குரல் உடைந்தது. "சத்தியமா இல்ல. நீ குட்டைப் பக்கம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் பயந்து போனேன் மெர்வ். அது உனக்காகப் பண்ணினது. அப்புறம் ஒரு புதன்கிழமை இந்தப் பக்கம் வந்தேன். ஆடு பட்டியில நின்னுச்சு. ஒரு மணி நேரம் நீங்க ரெண்டு பேரும் ஜன்னல் பக்கம்கூட வரமாட்டீங்கன்னு தோணுச்சு. தோணினதை என்னால மறக்க முடியல."

"ஸ்பீக்கர்?" என்றார் எல்வீரா.

ரெக்ஸ் தலையைக் குனிந்துகொண்டார். "டாக்டர் அவனுக்காக," என்றார். "ஸ்பீக்கர் எனக்காக."

"அந்தத் திரை அறுந்ததே, அப்பெல்லாம் அவர் என்ன சொல்ல வந்தார்னு உனக்குத் தெரியுமா?" எல்வீரா அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை. ஆடுகள் மிரண்டு ஒதுங்கின. "ஆடு போனா போகட்டும் ரெக்ஸ்! அந்த நாலு மணி நேரத்தைத் திருப்பிக் கொடு!"

லாரி அங்கே நின்றால் இன்டர்நெட் போகும் என்பது ரெக்ஸுக்கு அதுவரை தெரியாது. நான்தான் விளக்கிச் சொன்னேன். கேட்டதும் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ்காரர் கையைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

லாரி நகர்ந்த பிறகு கொட்டகை நிழலில் கணவனும் மனைவியும் நின்றார்கள். நான் இறக்கிய ஆடுகளைப் பட்டிக்குள் ஓட்டும் பாவனையில் அருகிலேயே இருந்தேன். ஒட்டுக்கேட்பது எங்கள் தொழில், வெட்கமில்லை.

"நீங்கதான் பிடுங்கறீங்கன்னு நெனச்சேன்," என்றார் எல்வீரா.

"நீதான் அணைக்கிறேன்னு நெனச்சேன்," என்றார் மெர்வின்.

எல்வீரா அவரை அண்ணாந்து பார்த்தார். "நானா? நான் ஏன்..."

"நான் சொல்றதை உன்னால தாங்க முடியாதுன்னு."

"அஞ்சு மாசமா அதைக் கேட்கத்தானே உட்கார்ந்திருக்கேன்!"

அதற்கு மேல் கேட்பது எனக்கே அதிகம் என்று பட்டது. ஆடுகளோடு ஆடாக நகர்ந்துவிட்டேன்.

நாங்கள் கிளம்பும்போது மெர்வின் எங்கள் கார் ஜன்னலில் குனிந்தார். டாமியன் இப்போது ஊர்த் தீவனக் கடையில் மூட்டை ஏற்றுகிறானாம். "நீங்களும் கூட வாங்க," என்றார் தெல்மாவிடம். "நான் பாதி வழியில திரும்பிடாம பார்த்துக்குங்க."

தீவனக் கடை முற்றத்தில் அப்போது ஆறேழு பண்ணைக்காரர்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் மெர்வினை அறிந்தவர்கள். அவர் ட்ரக்கிலிருந்து இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். டாமியன் தோளில் மூட்டையோடு அப்படியே நின்றான். நாற்பது வயதிருக்கும். அவன் மூட்டையைக் கீழே வைக்கவில்லை.

"டாமியன். உன்னைத் திருடன்னு சொன்னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன்," என்றார் மெர்வின். முற்றத்துக்கே கேட்டது. "அது பொய். எடுத்தது ரெக்ஸ் லிண்ட்னர். இன்னைக்குப் பிடிபட்டான். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காமலே நான் முடிவு பண்ணிட்டேன். தப்பு என்னோடது."

டாமியன் மூட்டையை வண்டியில் போட்டான். கையைத் தட்டிக்கொண்டான். "ஒன்பது வருஷம் மெர்வின்," என்றான். "ஒன்பது வருஷம். என் மகளை ஸ்கூல்ல திருடன் பொண்ணுன்னு கூப்பிட்டாங்க."

"தெரியும்."

"தெரியாது உங்களுக்கு. திரும்பி வேலைக்கு வரமாட்டேன்."

"கூப்பிட வரலப்பா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். மெர்வின் தொப்பியைப் போட்டுக்கொண்டு திரும்பினார். இரண்டு எட்டு வைத்திருப்பார்.

"மெர்வின்," என்றான் டாமியன். கோபம் போகவில்லை, குரலில் இருந்தது. ஆனாலும் கேட்டான். "உடம்பு எப்படி இருக்கு?"

இந்த ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. பரவாயில்லை. கை உடைந்தாலும், பயிர் கருகினாலும், பரவாயில்லை. முற்றத்தில் நின்ற எல்லாரும் அந்த பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

மெர்வின் திரும்பி நின்றார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"நல்லா இல்லப்பா," என்றார். "கொஞ்சம்கூட நல்லா இல்ல."

டாமியன் அவரைப் பார்த்தான், ட்ரக்கில் இருந்த எல்வீராவைப் பார்த்தான். பிறகு சுவரோரம் கிடந்த தீவன மூட்டைகளில் ஒன்றைக் காலால் இழுத்து இன்னொன்றின் பக்கத்தில் போட்டான்.

"உட்காருங்க," என்றான்.